கயிற்றில் குடியிருந்த பாசிப்பேன்

பாசிப்பேன் என்று நாங்கள் சொல்வது தலையில் ஊரும் பேன் இல்லை. அது இறால் சாதி. கடலுக்கடியில் பாறையைப் பிடித்துக்கொண்டு காடு மாதிரி வளரும் பாசிக்குள்ளே குடியிருக்கும். பெரியது என்று பார்த்தால் ஓர் அரிசி அளவு. கண்ணை இடுக்கிப் பார்த்தால்தான் அதன் மீசை தெரியும், கால் தெரியும், இறாலுக்கு இருப்பதுபோல முதுகில் மடிப்பு மடிப்பாக ஓடு இருப்பது தெரியும். ஒரு வகை வளைந்து படுத்திருக்கும், தொட்டால் பக்கவாட்டில் துள்ளும். இன்னொரு வகை நூல் துண்டு மாதிரி ஒல்லி. பின்காலால் பாசியைக் கவ்விக்கொண்டு நிமிர்ந்து நிற்கும். தண்ணீர் ஆடினால் தானும் ஆடும். பெட்டைக்கு வயிற்றில் ஒரு பை உண்டு. குஞ்சு பொரித்த பிறகும் அதற்குள்ளேயே வைத்துக்கொண்டு திரியும். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. என் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

நான் பிறந்தது திருவான்மியூரைத் தாண்டித் தெற்கே, கோவளம் போகிற வழியில் இருந்த ஒரு சின்னக் குப்பத்தில். அங்கே கரைக்கு நேரே கடலடியில் பாறைத் தொடர் ஒன்று கிடக்கிறது. அதைப் பார் என்போம். காற்று பலமாக அடித்த மறுநாள் அந்தப் பாரிலிருந்து பாசி பிய்ந்து கரையில் மலை மலையாக ஒதுங்கும். தென்னங்கன்றுக்குப் போடுவதற்காக அதைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து வருவது என் வேலை. வீடு வருவதற்குள் கழுத்தில், அக்குளில், ரவிக்கை இல்லாத முதுகில் எல்லாம் பாசிப்பேன் ஊரும். கடிக்காது. ஆனால் குறுகுறுவென்று இருக்கும்.

கல்யாணமாகி நான் வந்தது மயிலாப்பூர்ப் பக்கம், சாந்தோம் மாதா கோயிலுக்குக் கிட்டே இருந்த குப்பத்துக்கு. மாம்பலம் ஏரியைத் தூர்த்து வீடு கட்டத் தொடங்கியிருந்த காலம் அது. மந்தைவெளி வரைக்கும் மீன்கூடையோடு நடந்து விற்றுவிட்டு வருவேன். இங்கே கரை முழுக்க மணல்தான். எப்போதாவது ஒரு கொத்துப் பாசி வந்து ஒதுங்கினால் நான் குனிந்து உதறிப் பார்ப்பேன். மாமியாருக்கு அது இளக்காரம்.

"மீன் ஆயச் சொன்னா மூக்கச் சுளிக்கிறா, பேனு பொறுக்கச் சொன்னா ஓடறா. பாறையூருலேர்ந்து நல்லாத்தான் கொண்ணாந்தோம் ஒரு மருமவள" என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிச் சிரிப்பாள். நான் தலை குனிந்தவள் இல்லை. "உங்க புள்ளைக்கு இந்தப் பாறையூர்க்காரியத்தான் புடிச்சிது அத்தே" என்று பதில் சொல்லிவிட்டுப் போவேன். என்னைக் கர்வக்காரி என்று ஊரில் சொல்வார்கள். சொல்லட்டும்.

என் வீட்டுக்காரர் இடக்கைக்காரர். அவர் போடும் முடிச்சு மற்றவர்கள் போடுவதற்கு எதிர்ப்பக்கமாகத் திரும்பியிருக்கும். காய்ந்த கயிறுகள் நூறு தொங்கினாலும் அவருடையதைத் தனியாக எடுத்துவிடலாம். கட்டுமரத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஒரே மரம் இல்லை. நாலைந்து கட்டைகளைச் சேர்த்து முன்னும் பின்னும் கயிற்றால் இறுக்கிக் கட்டுவது. கடலுக்குப் போய் வந்ததும் அவிழ்த்துவிடுவார்கள். கட்டை தண்ணீர் குடித்துக் கனத்துவிடும் என்பதால் மணலில் பிரித்துப் போட்டுக் காயவைப்பார்கள். கயிற்றையும் அலசி முளையில் மாட்டுவார்கள். மறுநாள் புதிதாகக் கட்டுவார்கள். இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் நான் சொல்லப்போகும் நாளில் இது ஒருவர் நினைவிலும் இல்லை.

அந்த வருஷம் தை மாதத்தில் என் வீட்டுக்காரர் ஒரு காரியம் செய்தார். நீளமான நார்க் கயிற்றின் அடியில் கல்லைக் கட்டி, மேலே மிதப்பதற்கு ஒரு கட்டை, கட்டைக்குக் கொஞ்சம் கீழே தென்னை ஓலை ஒரு கட்டு என்று கட்டிக் கடலில் இறக்கிவிட்டு வந்தார். ஓலை நிழலுக்கு மீன் வந்து கூடும். எல்லாரும் செய்வதுதான். ஆனால் எந்த இடத்தில் இறக்கினோம் என்பதை யாரும் யாருக்கும் சொல்வதில்லை. கூடப் பிறந்தவனுக்கும் சொல்வதில்லை. அவர் எனக்கு மட்டும் சொன்னார். ஏனென்றால் அந்த இடத்தை அவருக்குக் காட்டிக் கொடுத்ததே நான்தான். எங்கள் ஊர்ப் பாரைப் பற்றியும் அதன் மேலிருக்கும் பாசிக்காட்டைப் பற்றியும் நான் சொல்லி, அவர் தெற்கே போய்த் தேடி, தண்ணீர் தெளிந்த ஒரு நாளில் மேலேயிருந்தே பார்த்துவிட்டு வந்தார்.

"இன்னா காடு தெரியுமா அது! தலைய விரிச்சிப் போட்டுக்கினு ஆடற மாதிரி ஆடுது. அதுக்குள்ள உன் பேனுங்க. பேனத் தின்ன பொடிமீனு, பொடிமீனத் தின்ன பெருமீனு" என்றார். பிறகு குரலை இறக்கி, "எங்கண்ணன் காதுல உழக் கூடாது. உழுந்திச்சி, நாளைக்கே பாதிக் குப்பம் அங்க வந்து ஓலை எறக்கும்" என்றார். நான் என் தாலியைத் தொட்டுக் காட்டினேன். அவ்வளவுதான், பிறகு பேச்சே எடுக்கவில்லை.

வைகாசியில் ஒரு நாள். அவரும் பக்கத்து வீட்டு அக்காவின் புருஷனும் விடியற்காலையில் கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கடலுக்குக் கிளம்புகிறவரை எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது. ஆகாத கேள்வி. நானும் கேட்கவில்லை. கஞ்சிக் கலயத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன். நேர்க் கிழக்கே போனார்களா, ஓலை போட்ட தெற்குக்குப் போனார்களா, எனக்குத் தெரியாது.

உச்சி வெயில் இருந்தபோதே வானம் கறுத்தது. தெற்கேயிருந்து காற்று வந்தது. மணல் பறந்து முகத்தில் ஊசி மாதிரி குத்தியது. கூரைகளில் ஓலை பிய்ந்தது. பின்னாலேயே மழையும் கொட்டியது. கட்டுமரங்கள் ஒவ்வொன்றாகக் கரைக்கு வந்து விழுந்தன. ஒவ்வொரு மரம் அலையில் தெரியும்போதும் நானும் அக்காவும் தண்ணீர் வரைக்கும் ஓடி, யாருடையது என்று பார்த்துவிட்டுத் திரும்பினோம். பொழுது சாய்ந்தது. எங்களுடையதைத் தவிர எல்லாம் வந்துவிட்டது.

அக்கா கிறிஸ்தவர். தலையில் முக்காடு போட்டுக்கொண்டு மாதாவிடம் போனார். என் மாமியார் எங்கள் எல்லையம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தாள். நான் ஒன்றும் வேண்டிக்கொள்ளவில்லை. வேண்டிக்கொண்டால் ஏதோ நடந்துவிட்டதாக நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று பயமாக இருந்தது.

மறுநாள் காலையில் என் வீட்டுக்காரரின் அண்ணன் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு வடக்கே தேடப் போனார். காற்றும் நீரோட்டமும் வடக்கே தள்ளியிருக்கும் என்பது அவர் கணக்கு. நேர்க் கிழக்கே போனவர்களாக இருந்தால் அது சரியான கணக்குத்தான். தெற்கே போயிருந்தால்? ஆனால் போனார்கள் என்று எதை வைத்துச் சொல்வது? அடுப்பு மூட்டவில்லை. மாமியார் வாசலில் உட்கார்ந்து மணலைக் கையால் அள்ளி அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தாள். மதியத்துக்கு மேல் அண்ணன் வெறுங்கையோடு திரும்பி வந்து யார் முகத்தையும் பார்க்காமல் குந்தினார்.

அப்போதுதான் கரையில் சத்தம் கேட்டது. யாரோ ஒருத்தி, "ஐயோ, இந்த முடிச்சிப் பாருங்கடி!" என்று கத்தினாள்.

ஓடினேன். அலை ஓரத்தில் ஒரு பெரிய பாசிக் குவியல். அதற்குள்ளிருந்து ஒரு கயிற்றை இழுத்துப் போட்டிருந்தார்கள். முடிச்சு எதிர்ப்பக்கமாகத் திரும்பியிருந்தது. பக்கத்தில் ஒரு கட்டையும் கிடந்தது. மாமியார் பின்னாலேயே வந்தாள். கயிற்றைத் தொட்டாள். அவள் தொண்டையிலிருந்து வந்த சத்தம் இப்போது நினைத்தாலும் காதில் கேட்கிறது.

"எம் புள்ள கட்டுன கட்டு! மரம் பிரிஞ்சிப் போச்சே! எம் புள்ள போய்ட்டானே!"

அக்கா அப்படியே மணலில் சரிந்தார். பெண்கள் சுற்றி உட்கார்ந்து மாரில் அடித்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு கிழவி என்னிடம் வந்து என் தலையிலிருந்த காய்ந்த பூச்சரத்தை எடுக்கக் கையை நீட்டினாள். கையைத் தட்டிவிட்டேன். "இருங்க" என்றேன். உட்கார்ந்து கயிற்றை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். அதுதான் கடைசியாக அவர் கை பட்ட பொருள் என்று நினைத்தேனே தவிர, அப்போது எனக்கும் வேறு எண்ணம் இல்லை.

கையில் குறுகுறுவென்றது. பார்த்தால் பாசிப்பேன். மணிக்கட்டில் இரண்டு, விரலிடுக்கில் ஒன்று. கயிற்றை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனேன். புரிக்குப் புரி பாசி. அந்தப் பாசியில் நூல் மாதிரி நிற்கிறவை, வளைந்து துள்ளுகிறவை, சேற்றைக் கொண்டு சின்னச் சின்னக் குழாய் கட்டி அதற்குள் தலையை நீட்டிக்கொண்டிருக்கிறவை. வயிற்றில் பையோடு பெட்டைகள். ஊசிமுனை அளவில் குஞ்சுகள். ஒரு குடும்பம் இல்லை, ஓர் ஊரே குடியேறிப் பெருகியிருந்தது. குவியலிலிருந்து ஒட்டிக்கொண்டதாக இருக்குமோ என்று பாசியைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. பலமாக இழுத்தேன். பாசியோடு தேங்காய் நாரும் சேர்ந்து பிய்ந்து வந்தது. கயிற்றுக்குள்ளேயே வேர் விட்டு வளர்ந்த பாசி.

தினமும் அவிழ்த்துக் காயப்போடுகிற மரக் கயிற்றில் எப்படிப் பாசி வளரும்? எப்படிப் பேன் குடும்பம் நடத்தும்?

"அத்தே, அழாதீங்க. இது மரத்துக் கவுறு இல்ல" என்றேன்.

"அவன் முடிச்சி எனுக்குத் தெரியாதாடி? பெத்தவளுக்கு நீ சொல்றியா?"

"முடிச்சி அவருதுதான். மரத்துக்குப் போட்ட முடிச்சி இல்ல. மாசக்கணக்கா தண்ணிலயே ஊறுன கவுறு. பேனப் பாருங்க."

"இந்த நேரத்திலயும் பேனா! புருஷன் போய்ட்டான், இவ பேனு பாத்துக்கினு கீறா!" என்று மாமியார் தலையில் அடித்துக்கொண்டாள். கூட்டத்தில் யாரோ, பாவம், புத்தி பிசகிவிட்டது என்று முணுமுணுத்தார்கள்.

நான் கயிற்றின் மறுமுனையைத் தேடி எடுத்தேன். முடிச்சுப் பக்கத்தில் ஓலைக்கட்டின் அழுகிய காம்புகள் இன்னும் இருந்தன. மறுமுனை, கல் இருக்க வேண்டிய பக்கம், கத்தியால் ஒரே வெட்டாக வெட்டியிருந்தது. வெட்டின இடத்தில் நார் வெளுப்பாக, புதிதாக இருந்தது. அதில் ஒரு தும்புப் பாசிகூட இல்லை.

குப்பத்தில் ஒரு பெண் தன் புருஷனின் அண்ணனோடு நேருக்கு நேர் பேச மாட்டாள். அவர் வந்தால் எழுந்து நிற்க வேண்டும், சொல்ல வேண்டியதை மாமியார் வழியாகச் சொல்ல வேண்டும். அன்றைக்கு நான் கயிற்றைத் தூக்கிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன்.

"மாமா, இது ஓலைக்கட்டுக் கவுறு. தெக்கே எங்க ஊருப் பாருல அவரு எறக்கி வச்சது."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "எந்தப் பாரு?"

சொன்னேன். எல்லார் முன்னாலும் சொன்னேன். எந்தப் பனைமரக் கூட்டத்துக்கு நேரே, கரையிலிருந்து எவ்வளவு தூரம், எல்லாம். தாலியைத் தொட்டுக் காட்டியது நினைவில் இருந்தது. அந்தத் தாலிக்காகத்தானே சொல்கிறேன் என்று மனத்தைக் கல்லாக்கிக்கொண்டேன்.

"எம்மா நாளா அங்க போய்க்கினு கீறான்?"

"தையிலேர்ந்து."

"கூடப் பொறந்தவன் நான் ஒருத்தன் கீறேன். என்கிட்டயே மறைச்சிட்டானா?" அவர் முகம் விழுந்துவிட்டது. தம்பி செத்தான் என்று நினைத்தபோதுகூட அந்த முகம் அப்படி விழவில்லை.

"வந்ததும் அவரையே கேளுங்க மாமா. கேக்கறதுக்கு ஆளு வேணுமில்ல? மொதல்ல போயி இட்டுக்கினு வாங்க."

"எவனாச்சும் பொறாமையில அறுத்து உட்ருப்பான். இந்தக் கவுத்த வச்சி அவன் உசுரோட கீறான்னு எப்படிச் சொல்ற?"

அறுத்து விடுகிறவர்கள் உண்டு. அது எனக்கும் தெரியும். "சொந்தக் கவுத்த எவனும் சும்மா அறுக்க மாட்டான் மாமா. மரத்துக் கட்டு அந்துபோயி, கவுறு இல்லாம அறுத்திருப்பாரு" என்றேன். சொல்லும்போதே அது நான் ஆசைப்படுவதா நடந்ததா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

அவர் எழுந்து வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டினார். எதிர்க்காற்றில் மரம் போகாது. அடையாறு முகத்துவாரம் மணல் மூடிக் கிடந்ததால் கரையோடு நடந்தே போய் என் பிறந்த ஊரிலிருந்து மரம் இறக்குவதாகச் சொல்லி, இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு தெற்கே நடந்தார்.

பிறகு காத்திருந்ததுதான் பெரிய பாடு. நான் ஒரு அகலச் சட்டியில் கடல் தண்ணீர் மொண்டு, கயிற்றை அதற்குள் போட்டு, வீட்டு நிழலில் வைத்தேன். ஏன் வைத்தேன் என்றால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது. இவை உயிரோடு இருக்கும்வரை அவர் இருப்பார் என்று ஓர் எண்ணம் விழுந்துவிட்டது. விழுந்தது விழுந்ததுதான், துடைத்துப்போட முடியவில்லை. தண்ணீர் சூடானால் அவை துவண்டு அடியில் விழும். உடனே கடலுக்கு ஓடிப் புதுத் தண்ணீர் மொண்டு வருவேன். கொஞ்சம் ஆடும். மறுபடி துவளும். நூல் மாதிரி நிற்பவை முதலில் போயின. வெள்ளையாக, பஞ்சு நூல் மாதிரி அடியில் கிடந்தன.

மாமியார் முதலில் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள். பிறகு எப்போதோ நான் திரும்பிப் பார்த்தபோது, இடுப்பில் குடத்தோடு கடலிலிருந்து வந்துகொண்டிருந்தாள். சட்டியில் ஊற்றிவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

"இதோ, இது ஆடுதுடி. இந்த ஓரத்துல. பாரு, பாரு."

"வளைஞ்சி கீதே, அதுவா அத்தே?"

"அதுதான். நல்லா ஒதைக்குது. தெம்பா கீது."

அக்கா கோயிலிலிருந்து வரும்போதெல்லாம் படலுக்கு வெளியே நின்று, "உன் பேனுங்க எப்படி கீது?" என்று கேட்பார். உள்ளே வந்து பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை. "கீது அக்கா" என்று சொல்வேன். எத்தனை செத்தது என்று நான் சொல்லவில்லை.

மறுநாள் வெயில் தாழ்ந்த நேரத்தில் தெற்கே கரையோரம் ஆட்கள் தெரிந்தார்கள். காற்று நின்றிருந்தது. தூரத்தில் எல்லாருமே ஒரே மாதிரி கறுப்புக் கோடுதான். எத்தனை கோடு என்று எண்ண எனக்குப் பயம். மாமியார்தான் கண்ணுக்கு மேலே கையை வைத்துக்கொண்டு நின்றாள். போனபோது மூன்று, இப்போது ஐந்து என்று சொல்லிக்கொண்டே அவர்களை நோக்கி ஓடினாள்.

நடந்தது இதுதான். பாருக்கு மேலே காற்றில் மாட்டி, முன்கட்டு அறுந்து கட்டைகள் பிரியத் தொடங்கியிருக்கின்றன. துடுப்பு இரண்டும் போய்விட்டது. மிதந்து கிடந்த தன் ஓலைக்கட்டை எட்டிப் பிடித்து, பாசி மண்டி இற்றுப்போன மேல்பாதியை மிதப்புக் கட்டையோடு வெட்டி வீசிவிட்டு, கீழ்ப்பாதியிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் கட்டைகளைச் சுற்றிக் கட்டியிருக்கிறார். மிச்சக் கயிறு அடியில் கல்லைப் பிடித்துக்கொண்டு இருந்ததால் மரம் எங்கும் போகாமல் அங்கேயே கிடந்திருக்கிறது. மழைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு இரண்டு பேரும் படுத்துக் கிடந்திருக்கிறார்கள். வடக்கே எவ்வளவு தேடியிருந்தாலும் அகப்பட்டிருக்க மாட்டார்கள்.

அவர் உதடு வெடித்து, தோள் தோலுரிந்து வந்து நின்றார். அம்மாவைப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "நீயா சொன்ன?"

"நான்தான்."

அண்ணன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு நின்றார். வழியெல்லாம் இரண்டு பேரும் பேசவில்லையாம். தம்பியை முதுகில் சுமந்து கரையேற்றியவர், அவர் உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்த உடனே கோபத்தை எடுத்துக்கொண்டார். அந்த வருஷம் ஆடிவரைக்கும் பேச்சு இல்லை. பிறகு இரண்டு பேரும் சேர்ந்தே அந்தப் பாரில் ஓலை இறக்கினார்கள்.

சட்டியை மாமியார்தான் தூக்கிக்கொண்டு போய்க் கடலில் கவிழ்த்தாள். "பேனுக்கெல்லாம் என்னைத் தண்ணி மொள்ள வச்சிட்டியேடி, பாறையூர்க்காரி" என்று சொல்லிக்கொண்டே போனாள். அதற்குப் பிறகு அந்தப் பெயரை வைத்து அவள் என்னைக் கேலி செய்ததில்லை என்று சொல்ல ஆசைதான். சாகிறவரைக்கும் செய்தாள்.

என் வீட்டுக்காரர் என்னைத் திட்டவில்லை. ஆனால் அதோடு எனக்கு எந்த இடத்தையும் சொல்வதை நிறுத்திவிட்டார். புதிதாக ஓலை இறக்கிவிட்டு வந்த நாளில் ஒரு தடவை கேட்டேன். சிரித்தார். "உன்கிட்ட சொன்னா எங்கண்ணன்கிட்ட சொன்ன மாதிரி" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எந்தப் பக்கம் போகிறார் என்று தெரியாமலே அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் கஞ்சிக் கலயம் கொடுத்து அனுப்பினேன்.

காற்றடித்த மறுநாள் யாருக்கும் முன்னால் கரைக்குப் போய்விடுவேன். பாசி ஒதுங்கியிருந்தால் குவியலைக் கிளறிக் கயிறு இருக்கிறதா என்று பார்ப்பேன். இருந்தால், முடிச்சைப் பார்ப்பதற்கு முன்னால் பாசியைப் பிடித்து இழுத்துப் பார்ப்பேன், சும்மா சுற்றியிருக்கிறதா, வேர் விட்டிருக்கிறதா என்று. கையில் குறுகுறுவென்று ஊர்ந்தால் கொஞ்சம் மூச்சு வரும். பிறகுதான் முடிச்சைத் திருப்புவேன்.